இரண்டாவது வெள்ளிக் காசு வந்ததும் கையை எடுங்கள்

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. மெட்டல் டிடெக்டர் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத தம்பி ஒருவர், கிழக்கு இங்கிலாந்தில் ஒரு வயலில் முழங்காலிட்டபடி பேசினார். "அண்ணா, சின்னச் சின்னதா வெள்ளிக் காசு வருது. நாலு எடுத்துட்டேன். கீழ இன்னும் சத்தம் கேக்குது. தோண்டட்டா?"

"வேண்டாம். கையை வெளியே எடுங்க. எழுந்து நில்லுங்க" என்றேன். அடுத்த ஒரு மணி நேரம் போனில் அவருக்குச் சொன்னதையும், அவசரத்தில் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து வரிசையாக எழுதுகிறேன். இங்கிலாந்தில் டிடெக்டர் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகத் தொடங்கியிருக்கும் நம் ஆட்களுக்காக எழுதுவது இது. அதிலும் கி.பி. நான்காம் நூற்றாண்டு ரோமானிய வெள்ளிக் காசுகள் கும்பலாக அகப்பட்டால் என்ன செய்வது என்பதுதான் விஷயம். அந்தக் காலத்து வெள்ளிப் புதையல்கள் பிரிட்டனில் கிடைக்கும் அளவுக்கு, பழைய ரோமப் பேரரசின் வேறெந்தப் பகுதியிலும் கிடைப்பதில்லை. ஆகவே இது உங்களுக்கும் நடக்கலாம்.

முதலில் ஒரு சுத்தியலின் கதை. 1992 நவம்பர் 16. சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்ற கிராமம். ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் எங்கோ தொலைத்துவிட்டார். தேடிக் கொடுக்க வந்தார் அவருடைய நண்பர் எரிக் லாஸ், ஓய்வுபெற்ற தோட்டக்காரர். டிடெக்டர் சத்தம் போட்ட இடத்தில் தோண்டினால் வெள்ளிக் கரண்டி, பொன் நகை, காசு, மேலும் காசு. கொஞ்சம் எடுத்ததுமே லாஸ் நிறுத்திவிட்டார். நிலத்தின் சொந்தக்காரரான கவுண்டி கவுன்சிலுக்கும் (மாவட்ட மன்றம்) போலீஸுக்கும் தகவல் போனது. மறுநாள் தொல்லியல் குழு வந்து ஒரே நாளில் அகழ்ந்தது. மண்ணோடு ஒட்டிக் கிடந்த பகுதிகளைக் கட்டிகட்டியாகப் பெயர்த்து, ஆய்வகத்தில் வைத்துப் பிரித்தார்கள்.

கணக்கெடுத்தபோது பொன், வெள்ளி, வெண்கலக் காசுகள் 14,865. அதில் வெள்ளி மட்டும் 14,000-க்கு மேல். கூடவே பொன் நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களுமாகச் சுமார் 200 பொருள். விவசாயியின் சுத்தியலும் கிடைத்தது. அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

லாஸ் நிறுத்தியதால் என்ன லாபம்? பெட்டி தெரிந்தது. புதைத்த ஓக் மரப்பெட்டி முழுக்க மக்கிப்போய்விட்டது. ஆனாலும் பொருள்கள் கிடந்த கிடையைப் பார்த்து, பெட்டி ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 30 உயரம் என்று கணித்தார்கள். உள்ளே சின்னச் சின்னப் பேழைகள், அவற்றுக்கு விரலளவு வெள்ளிப் பூட்டுகள். கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, இடையில் வைக்கோல் வைத்திருந்தார்கள். பதற்றத்தில் அள்ளிப் போட்டு ஓடியவர்கள் செய்த வேலை அல்ல அது. உட்கார்ந்து நிதானமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். காசுகளை மட்டும் வாளியில் அள்ளியிருந்தால் இதில் ஒரு வரிகூட நமக்குத் தெரிந்திருக்காது.

முதல் படி: யாருடைய நிலம்

டிடெக்டரை இயக்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல்லில் 'போய்ப் பாருப்பா' என்று சொன்னது போதாது. உழுகிறவர் ஒருவர், நிலச் சொந்தக்காரர் வேறொருவர் என்பது இங்கே சர்வ சாதாரணம்; ஹாக்ஸனிலும் விவசாயி குத்தகைக்காரர்தான். இருவரிடமும் கேளுங்கள். ஏதாவது கிடைத்தால் எப்படிப் பங்கு என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பாதி என்பது வழக்கம். கிடைத்த பிறகு பேச ஆரம்பித்தால் நல்ல நட்பும் கசந்துவிடும்.

அரசு பாதுகாக்கும் தொல்லியல் இடங்களில் டிடெக்டர் வைப்பதே குற்றம், 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி. அந்த இடங்களின் வரைபடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. வெறும் புல்வெளி போலத் தெரியும் இடம்கூட அந்தப் பட்டியலில் இருக்கலாம்.

இரண்டாம் படி: கையில் வந்தது என்ன

அறுவடை முடிந்து அரிதாள் நிற்கும் வயலிலோ, புதிதாய் உழுத வயலிலோதான் பெரும்பாலும் போவோம். நீங்கள் தேடும் காசின் பெயர் சிலிகுவா. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த முழுக் காசு சுமார் 2 கிராம் எடை, 18 மில்லிமீட்டர் அகலம். இங்கே சட்டைப் பையில் கிடக்கும் ஐந்து பென்ஸ் காசின் அகலம்தான், ஆனால் மெல்லியது. விரலில் எடுத்தால் மீன் செதிலைத் தூக்கியது போல இருக்கும். நல்ல வெள்ளி என்பதால் பல நேரம் பளிச்சென்றே வரும். சிலவற்றில் கருப்போ ஊதா சாம்பலோ பூத்திருக்கும். மண்கட்டிக்குள் விளிம்பு மட்டும் தெரியும்போது, புதிதாய் வருபவர்கள் அலுமினியத் தாள் என்று நினைத்துத் தூக்கி எறிவதைப் பார்த்திருக்கிறேன். எறியாதீர்கள். கட்டியை இரண்டு கையாலும் மெதுவாகப் பிட்டுப் பாருங்கள்.

ஒரு சிலிகுவா கிடைத்தால் அது யாரோ தவறவிட்டதாக இருக்கலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே குழியையும் சுற்றி நான்கைந்து அடியையும் டிடெக்டரால் இன்னொரு முறை பாருங்கள், தோண்டாமல்.

மூன்றாம் படி: நிறுத்துவது

இரண்டாவது காசு அதே குழியிலோ பக்கத்திலோ வந்துவிட்டதா? சரி, அங்கே நிறுத்துங்கள்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். 'இரண்டு' என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. 300 வருடத்துக்கு மேல் பழைய காசுகளில் இரண்டு ஒன்றாகக் கிடைத்து, அவற்றில் பத்தில் ஒரு பங்காவது பொன்னோ வெள்ளியோ இருந்தால், இங்கிலாந்துச் சட்டப்படி அது புதையல். செப்புக் காசானால் பத்து வேண்டும். சிலிகுவா நல்ல வெள்ளி, ஆகவே இரண்டே போதும். தொல்லியல் பக்கமிருந்து பார்த்தாலும் அதே எண்தான். ஒரு காசு தவறி விழலாம். இரண்டு ஒரே இடத்தில் கிடந்தால் கீழே ஒரு பானையோ, துணி முடிச்சோ, பெட்டியோ இருக்க வாய்ப்பு உண்டு.

அப்புறம் மண்ணைக் கவனியுங்கள். ஏர் கிளறிய மேல்மண் இளகியிருக்கும், நிறமும் கொஞ்சம் வேறு. அதற்குள் காசுகள் சிதறிக் கிடந்தால் கலப்பை அவற்றை இழுத்துப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படிக் கிடைத்தவற்றில் ஒவ்வொன்றின் இடத்தையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். சிதறல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அதை வைத்துத்தான் மூல இடத்தைப் பிடிப்பார்கள். கலப்பை தொடாத கெட்டி மண்ணுக்குள் காசு தெரிந்தால், புதைத்தவர் வைத்த இடத்திலேயே அது இருக்கிறது. அங்கே நீங்கள் விடும் ஒவ்வொரு வெட்டும் திரும்ப ஒட்டவே முடியாத வெட்டு.

நிறுத்திய பிறகு செய்ய வேண்டியவை:

- குழியை அப்படியே படம் எடுங்கள். பக்கத்தில் அளவுகோலோ, இல்லாவிட்டால் ஒரு பேனாவோ இருக்கட்டும். வடக்கு எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும்.
- போனில் ஜிபிஎஸ் இடத்தைச் சேமியுங்கள். காகிதத்திலும் எழுதுங்கள், போன் சார்ஜ் போய்விடும்.
- எடுத்த காசு எத்தனை அங்குல ஆழத்தில் இருந்தது, படுத்திருந்ததா செங்குத்தாக நின்றதா, ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததா என்பதை நினைவு சூடாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.
- குழியை மூடுங்கள். கொடி, கல், குச்சி எதையும் அடையாளமாக நட வேண்டாம்.
- விவசாயியிடம் சொல்லுங்கள். வேறு யாரிடமும் வேண்டாம்.

கடைசி வரியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹாக்ஸன் செய்தி மூன்றே நாளில் பத்திரிகைக்குக் கசிந்துவிட்டது. அந்த வயலைத் திருட்டுத்தனமாகத் துழாவ ஆட்கள் வந்ததால், பின்னால் 1993-லும் 1994-லும் தொல்லியல் குழு மறுபடி அங்கே வேலை செய்ய வேண்டியதாயிற்று. அப்போது வாட்ஸ்அப் இல்லை. இன்றைக்குக் குழுவில் ஒரு படம் போட்டால், அன்று இரவே வயலில் டார்ச் வெளிச்சம் தெரியும். படத்தின் பின்னணியில் இருக்கும் ஒரு மரமும் சர்ச் கோபுரமும் போதும், இடத்தைக் கண்டுபிடிக்க.

நான்காம் படி: கழுவாதீர்கள்

என் முதல் சிலிகுவாவை உடைத்தவன் நான்தான். ஒன்பது வருடத்துக்கு முன் நடந்தது. வீட்டுக்கு வந்த கையோடு சமையலறைக் குழாயில் காட்டி, பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். ராஜாவின் முகம் தெரியத் தெரிய ஆசை கூடியது. விளிம்பு கொஞ்சம் வளைந்திருந்ததால் கட்டைவிரலால் நிமிர்த்தப் பார்த்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். உள்ளங்கையில் இரண்டு துண்டு. உடைந்த முகப்பில் வெள்ளியின் உட்புறம் சர்க்கரைக் கட்டி போலப் பொறுபொறுவென்று தெரிந்தது. 1,600 வருடம் மண்ணில் தாங்கிய காசு என் வீட்டுக் குழாயடியில் ஒரு நிமிடம் தாங்கவில்லை. அந்த இரண்டு துண்டும் இன்னும் என் மேசை டப்பாவில் இருக்கின்றன.

நூற்றாண்டுக் கணக்கில் புதைந்த வெள்ளி வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே பலம் போயிருக்கும். வளைந்ததை நிமிர்த்தவே கூடாது. புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை, வெள்ளி துலக்கும் பொடி என்று நம் வீட்டில் குத்துவிளக்கும் வெள்ளிக் கிண்ணமும் துலக்கும் எதுவும் வேண்டாம். பளபளப்போடு சேர்ந்து மேல்தோலும் போய்விடும். ஒட்டியிருக்கும் மண்ணும் சாட்சிதான்: துணி இழை, தோல் துணுக்கு, மரத்தின் சுவடு அதில் இருக்கலாம். இரண்டு காசு ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம்.

ஒவ்வொரு காசையும் மண்ணோடு தனித்தனிச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின் மேல் எண் எழுதுங்கள். பஞ்சில் பொதிந்து வைக்க வேண்டாம், இழை மாட்டிக்கொள்ளும். கடினமான டப்பாவுக்குள் பைகளைப் படுக்க வையுங்கள். அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: யாரிடம், எத்தனை நாளுக்குள்

ட்ரெஷர் ஆக்ட் என்ற 1996-ஆம் ஆண்டுச் சட்டம் 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி புதையல் என்று தெரிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அந்தப் பகுதி கரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். கரோனர் என்பவர் சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி. இந்த நாட்டில் புதையலும் நெடுங்காலமாக அவர் பொறுப்புதான். நடைமுறையில் நீங்கள் நேராகக் கரோனரிடம் போக வேண்டியதில்லை. போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்ற திட்டத்தின் கீழ் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஃபைண்ட்ஸ் லியேசன் ஆபீசர் இருக்கிறார். அவருக்குப் போன் செய்தால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கவில்லையென்றால் செய்தி விட்டுவிட்டுக் காத்திருங்கள். திங்கள்கிழமைவரை பொறுக்க முடியாமல் தோண்டியவர்களால் போனது அதிகம்.

புதிதாய் வருபவர்கள் இந்த அதிகாரிகளைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். போலீஸ், அரசாங்கம், விசா என்று மனம் எங்கெங்கோ போகும். பயம் வேண்டாம். நான் பழகிய இந்த அதிகாரிகள் எல்லோருமே மண் ஒட்டிய பையைக் கண்டால் முகம் மலரும் மனிதர்கள்.

பிறகு நடப்பது இது. காசுகள் ஆய்வுக்குப் போகும். கரோனர் விசாரித்து, புதையல்தானா என்று சொல்வார். ஏதாவது மியூசியம் வேண்டும் என்று கேட்டால், ஒரு மதிப்பீட்டுக் குழு சந்தை விலையைக் கணித்து, அந்தத் தொகை கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் போகும். யாருமே கேட்கவில்லையென்றால் பொருள் உங்களிடமே திரும்பி வரும். மாதக்கணக்கில், சில நேரம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். ஹாக்ஸன் கிடைத்தது இந்தச் சட்டத்துக்கு முன். 1993-இல் அதற்கு 17.5 லட்சம் பவுண்டு மதிப்புப் போட்டு லாஸிடம் கொடுத்தார்கள். அவர் அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார்.

அனுமதி இல்லாமல் நுழைந்தாலோ, நிறுத்தாமல் தோண்டிக் கெடுத்தாலோ தொகையைக் குறைப்பார்கள். மறைத்தால் ஜெயில். 2015-இல் ஹெரெஃபோர்ட்ஷயரின் லெம்ஸ்டர் ஊர்ப் பக்கத்தில் இரண்டு பேர் வைக்கிங் காலப் புதையல் ஒன்றைக் கண்டுபிடித்து, சொல்லாமல் விற்கப் பார்த்தார்கள். சுமார் 300 காசு இருந்திருக்க வேண்டும் என்பது போனில் இருந்த படங்களிலிருந்து தெரிந்தது. வழக்கு நடந்தபோது மீண்டிருந்தவை 31. இருவருக்கும் 2019-இல் நீண்ட சிறைத்தண்டனை. மீண்ட சில காசுகளே, ஆல்ஃபிரட் என்ற மன்னருக்கும் பக்கத்து மெர்சியா மன்னருக்கும் இருந்த கூட்டணியைப் பற்றி வரலாற்றாளர்கள் நினைத்திருந்ததை மாற்றின. மற்றவை என்ன சொல்லியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

தனியாகக் கிடைக்கும் ஒற்றைக் காசு பொதுவாகச் சட்டப்படி புதையல் அல்ல. அதையும் அந்த அதிகாரியிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு விதி வேறு: அங்கே ஒரே ஒரு காசானாலும் தெரிவிக்க வேண்டும்.

ஆறாம் படி: காசைப் படிப்பது

காசு அதிகாரியிடம் இருக்கும். உங்களிடம் படம் இருக்கும். காத்திருக்கும் மாதங்களில் படத்தைப் பெரிதாக்கிப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகப் பிடித்த வேலை இது. லத்தீன் தெரிய வேண்டியதில்லை.

முன்பக்கம் வலப்பக்கம் பார்க்கும் ஒரு தலை, முத்துச்சரம் போன்ற பட்டம் கட்டியிருக்கும். எழுத்து பெரும்பாலும் டி, என் என்று தொடங்கும். 'எங்கள் தலைவர்' என்பதன் சுருக்கம் அது. அடுத்து மன்னர் பெயர். கடைசியில் பி, எஃப், பிறகு ஏ, வி, ஜி: பக்தியும் பாக்கியமும் உள்ள அகஸ்டஸ், அதாவது பேரரசர், என்று பொருள். நடுவில் இருக்கும் பெயரில் நான்கு எழுத்து பிடிபட்டால் போதும்; வாலென்ஸ், கிரேஷியன், தியோடோசியஸ், அர்காடியஸ், ஹொனோரியஸ் என்று பட்டியலோடு ஒப்பிட்டுவிடலாம். எழுத்தே இல்லையா? தாடியைப் பாருங்கள். அந்தக் காலத்து மன்னர்கள் காசில் மழித்த முகத்தோடு இருப்பார்கள். தாடி இருந்தால், பிரிட்டனில் கிடைக்கும் வெள்ளியில் பெரும்பாலும் இருவர்தான்: பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்த ஜூலியன், அல்லது 392 முதல் 394 வரை மேற்கை ஆண்ட யூஜீனியஸ்.

பின்பக்கம் மாலைக்குள் நாலு வரி எழுத்து இருந்தால் அது மன்னரின் ஆட்சியாண்டு வேண்டுதல்: இத்தனை ஆண்டு நிறைந்தது, இன்னும் இத்தனை வேண்டும் என்று. உட்கார்ந்த பெண் உருவம் ரோமா தேவி. அதைச் சுற்றி 'ஊர்ப்ஸ் ரோமா' என்றோ 'விர்த்துஸ் ரோமானோரும்' என்றோ இருக்கும். முதலாவது ரோம் நகரம், இரண்டாவது ரோமானியர் வீரம்.

தேவியின் காலடியில் ஒரு கோடு. அதன் கீழே இருக்கும் பொடி எழுத்துகள்தான் காசு அடித்த அக்கசாலையின் முத்திரை. டி, ஆர் என்றால் இன்றைய ஜெர்மனியின் ட்ரியர். எல், வி, ஜி என்றால் பிரான்ஸின் லியோன். எம், டி என்றால் இத்தாலியின் மிலன். அவற்றோடு வரும் பி, எஸ் என்பது புடம் போட்ட சுத்த வெள்ளி என்பதற்கான சுருக்கம். மிலனில் அடித்த அர்காடியஸ், ஹொனோரியஸ் காசுகள் பிரிட்டன் புதையல்களில் ஏராளம். ஏ, வி, ஜி, பி, எஸ் என்று கோட்டுக்குக் கீழே இருந்தால் உடனே அதிகாரிக்குப் போன் போடுங்கள். அது லண்டன், பிரிட்டன் படைகள் 383-இல் மன்னராக்கிய மாக்னஸ் மாக்சிமஸ் கொஞ்ச காலம் அங்கே அடித்த அபூர்வமான காசு.

இப்போது விளிம்பு. உங்கள் காசு வட்டமாக இல்லாமல், வெங்காயம் நறுக்கியது போலக் கோணல்மாணலாக, எழுத்து பாதி இல்லாமல் இருக்கிறதா? நன்று. அது பிரிட்டனின் கையெழுத்து. சுற்றியுள்ள வெள்ளியைக் கத்தரித்துச் சீவி எடுத்திருக்கிறார்கள். வேறு மாகாணங்களில் சிலிகுவாவை இப்படிச் சீவுவது அரிது. ஹாக்ஸன் வெள்ளியில் ஏறக்குறைய எல்லாமே சீவியவை. சீவியவர்கள் எழுத்தை எடுத்தார்கள், ஆனால் மன்னர் முகத்தைத் தொடவில்லை. படத்தில் மூக்கு நுனிக்கு மயிரிழை தள்ளிக் கத்தரி திரும்பியிருப்பதைப் பார்க்கலாம். முகம் இருக்கும்வரை காசு செல்லும் என்பது அவர்களின் நம்பிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

ஏன் சீவினார்கள்? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குப் புதுக் காசு வருவது நின்றுவிட்டது. இருக்கிற வெள்ளியையே நீட்டிக்க வேண்டிய நிலை. சீவிய துணுக்குகளை உருக்கி, அசலைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த காசுகளும் ஹாக்ஸனில் 400-க்கு மேல் இருக்கின்றன. கள்ளக்காசு என்று தள்ளிவிட முடியவில்லை. வெள்ளி அளவு அசல் காசுக்குக் குறையவில்லை. கடைத்தெருவில் காசு இல்லாமல் போகும்போது ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதன் நேரடிச் சாட்சி இது. ஆகவே சீவிய காசு கிடைத்தால் 'கெட்டுப்போன காசு' என்று வருத்தப்படாதீர்கள். எனக்குக் கொடுத்தால் முழுக் காசைவிட அதைத்தான் கேட்பேன்.

கடைசியாகத் தேதி. புதையலில் எது மிகப் பிந்திய காசு என்று தேடுங்கள். ஹாக்ஸனில் அது மூன்றாம் கான்ஸ்டன்டைன் அடித்தது. 407-இல் பிரிட்டன் படைகள் அவரை மன்னராக்கின. அவர் படையைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனார், 411-இல் கொல்லப்பட்டார். அவர் காசில் 'விக்டோரியா'வுக்கு அடுத்து ஏ மூன்று, ஜி நான்கு இருக்கும். ஜி எத்தனையோ அத்தனை மன்னர்கள் பதவியில் இருப்பதாகச் சொல்வது அது. இதிலிருந்து பெட்டி 407-க்கு முன் புதைந்திருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம். 407-இலேயே புதைந்தது என்று சொல்ல முடியாது. புதிதாய் வருபவர்கள் எல்லோரும் தடுக்கும் இடம் இது. அந்தப் பிந்திய காசும் சீவப்பட்டிருந்தால், அது சில காலம் கைமாறியிருக்கிறது என்று அர்த்தம். புதைத்த நாள் இன்னும் தள்ளிப் போகும்.

பழக ஒரு இடம்

லண்டன் போனால் பிரிட்டிஷ் மியூசியத்தின் 49-ஆம் அறைக்குப் போங்கள். அனுமதி இலவசம். காசுக் குவியலைப் பார்த்து முடித்ததும் மிளகுச் சிமிழ்களைத் தேடுங்கள். ஹாக்ஸன் பெட்டியில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் இருந்தன. அதில் ஒன்று, கொண்டை முடித்த சீமாட்டியின் மார்பளவு உருவம். அடியில் திருகும் வட்டத் தகடு: ஒரு பக்கம் திருகினால் மூடிக்கொள்ளும், இன்னொரு பக்கம் மிளகு நிரப்ப வாய் திறக்கும், மூன்றாவதில் சிறு துளைகள் வழியே பொடி தூவும். அந்த மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து போனது. முசிறிக்குப் பொன்னோடு வந்து, கறி என்று அன்று சொன்ன மிளகோடு திரும்பிய யவனர் மரக்கலங்களைச் சங்கப் புலவர் பாடிச் சில நூற்றாண்டு கழித்தும், சஃபோக் கிராமத்துச் சாப்பாட்டு மேசையில் அந்தக் காரம் இருந்திருக்கிறது. 408-இல் ரோமை முற்றுகையிட்ட கோத் இனத் தலைவன் அலாரிக் பொன்னோடும் வெள்ளியோடும் சேர்த்து 3,000 ராத்தல் மிளகும் கேட்டான். நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்றபோது கண் கலங்கிவிட்டது.

ஊரில் கிடைத்தால்

விடுமுறைக்கு ஊருக்கு டிடெக்டரைக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். இங்கிலாந்தின் விதியும் பரிசும் இங்கிலாந்துக்கு மட்டும். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கிணறு வெட்டும்போதோ வரப்பு வெட்டும்போதோ அகப்பட்டாலும் அதேதான். இலங்கையில் தொல்பொருள் சட்டம் இன்னும் கடுமையானது. மதுரை, கரூர் பக்கமும் இலங்கையிலும் இந்தப் பிற்கால ரோமானியக் காசு கிடைக்கிறது, ஆனால் பெரும்பாலும் மிளகு, பட்டாணி அளவுச் செப்புக் காசுகள். அவற்றையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அந்தத் தம்பியின் வயலில் தொல்லியலாளர் வந்தது புதன்கிழமை. கீழே இன்னும் ஒன்பது காசு இருந்தது. ஒன்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக, கேசரி வில்லைகளை அடுக்கியது போலச் சாய்ந்து கிடந்தன. துணியில் இறுக்கிச் சுருட்டி வைத்தால்தான் அப்படி நிற்கும் என்றார் அவர். முதலில் எடுத்த நான்கும் அதே அடுக்கின் மேல்பகுதியா, இல்லை தனியாக வைத்தவையா என்று தம்பியைக் கேட்டார். தம்பி கொஞ்ச நேரம் குழியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெரியலையே சார், அள்ளிட்டேன்" என்றார்.